பால் பத்துதா?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குழந்தை யார் சாடை என்று பார்ப்பார்கள். அடுத்து, பச்சை உடம்புக்காரியின் பக்கம் திரும்பி, "பால் பத்துதா?" என்பார்கள். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. ஆனால் மூன்று நாள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில் அது நலம் விசாரிப்பாக விழுவதில்லை. பத்தவில்லையோ என்ற சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. தாய்ப்பாலை இடையிலேயே நிறுத்திவிடும் பெண்கள் உலகெங்கும் சொல்லும் காரணங்களில் முன்னால் நிற்பது இந்தச் சந்தேகம்தான். உண்மையிலேயே பால் சுரப்புக் குறைந்த தாய்மார் சிலர். குறைவு என்று நம்பிவிடுகிறவர்கள் பலர்.

அந்தச் சந்தேகம் தலைதூக்கும் இரவில் இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதனால் தாய்க்கு என்ன உதவி கிடைக்கும்? எந்த உதவி பலித்திருக்கிறது, எது பலிக்கவில்லை? இதற்குப் பதில் தேட முதலில் இடத்தையும் பிறகு பாலையும் பார்த்துவிட வேண்டும்.

அணை நீரின் கிழக்கே

எடுத்துக்காட்டாக ஏரியூரைப் பார்ப்போம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர் நாகமரை வரை வந்து நிற்கிறது. சுஞ்சல்நத்தம், மஞ்சாரஅள்ளி, அஜ்ஜனஅள்ளி, பெரும்பாலை எனச் சுற்றிலும் ஊர்கள். கரையில் இவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மேட்டு நிலம் பெரும்பாலும் வானம் பார்த்ததுதான். அதனால் இந்தப் பக்கத்து ஆண்கள் பெங்களூரு, திருப்பூர், கேரளம் என்று கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போவது வழக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் ஓரிடம், கணவன் வேறிடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே பிரசவம் மருத்துவமனையில்தான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இந்தியாவில் இதை எட்டிப் பிடித்த மாநிலங்கள் குறைவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 60 சதவீதம், நாட்டின் சராசரி 42 மட்டுமே. ஆக, தொடக்கத்தில் நாம் வெகு தூரம் முன்னால் நிற்கிறோம். ஆனால் ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. நாட்டின் சராசரி ஏறத்தாழ 64 சதவீதம், தமிழ்நாடு 55. ஓட்டத்தை முந்திக்கொண்டு தொடங்கியவர்கள் நடுவழியில் பின்தங்குகிறோம்.

எங்கே தவறவிடுகிறோம்? பெரும்பாலும் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையில்தான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பால் பெருகும் நாளும் சந்தேகம் பெருகும் நாளும் சரியாக அப்போதுதான் வருகின்றன.

ஸ்காட்லாந்து ஆடுகள் சொன்ன பாடம்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அது பூட்டி வைத்திருந்த பால் சுரப்பு இனி திறந்துகொள்ளலாம். ஆனால் உடனே திறப்பதில்லை. மார்பு கனத்துப் பால் நிறைய வருவதற்கு 30 முதல் 72 மணி நேரம் ஆகும். தலைப்பிரசவமாக இருந்தால், சிசேரியனாக இருந்தால், தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தாமதமாகலாம். தமிழ்நாட்டில் இன்று நூற்றில் 45 பிரசவங்கள் சிசேரியன் என்பதால் இந்தத் தாமதம் ஊரறிந்த விஷயமாக இருக்க வேண்டும். இருப்பதில்லை.

அதுவரை குழந்தை என்ன குடிக்கும்? மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. நான்காம் நாள் 30 முதல் 60. மருந்துக் குப்பியோடு வரும் சின்ன மூடியில் அடங்கிவிடும் அளவு, நான்கே நாளில் பல மடங்கு ஏறுகிறது. முதல் வாரத்தில் குழந்தையின் எடை 7 சதவீதம் வரை குறைவதும் இயல்பே. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் இரவிலும் மூன்றாம் இரவிலும் குழந்தை ஓயாமல் மார்பைத் தேடி அழுகிறது. வீட்டிலுள்ளோர் அதைப் பசி என்று மட்டும் படிக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர், பவுடர் பால், தெருவில் குரல் கொடுத்துப் போகிறவரிடம் ஒரு பாலாடைக் கழுதைப்பால் என்று ஆளுக்கொரு யோசனை வருகிறது. வெயில் காலத்தில் "தண்ணியாவது குடு" என்பது கட்டாயம் வரும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான் என்பதால் தருமபுரி வெயிலுக்கும் அது தாங்கும்.

ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? இதற்கான விடை ஆட்டு மடியில் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் இருந்த ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் ஆடுகளை வைத்துப் பால் சுரப்பை ஆராய்ந்தார்கள். ஆட்டு மடிக்கு இரண்டு பாதிகள், பாதிக்கு ஒரு காம்பு. ஒரு பாதியை மட்டும் கூடுதல் தடவை கறந்தார்கள். கூடுதலாகக் கறந்த பாதியில் மட்டும் பால் அதிகமானது. இரண்டு பாதிக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். அப்படியும் ஒரு பக்கம் மட்டும் கூடியதென்றால், எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மடியே அங்கங்கே முடிவு செய்கிறது என்றுதான் பொருள். பால் தங்கினால் சுரப்பு குறைகிறது, வெளியேறினால் கூடுகிறது. மனித மார்பிலும் இதே ஏற்பாடுதான்.

இப்போது பவுடர் பாலுக்கு வருவோம். இரவில் ஒரு பாட்டில் குடித்த குழந்தை அசந்து தூங்குகிறது. மார்பில் பால் தங்குகிறது. 'இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது' என்று மார்பு சுரப்பைக் குறைக்கிறது. மறுநாள் பால் உண்மையிலேயே குறைகிறது. சந்தேகம் மெய்யாகிவிட்டது, அதை மெய்யாக்கியது அந்தப் பாட்டில். இந்தச் சுழல் தொடங்கி இறுகுவதற்குச் சில நாட்கள் போதும். ஆகவே தாய்க்கு உதவ வரும் எந்தக் கருவியையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: அது எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது?

மாதக் கணக்கு, வாரக் கணக்கு

தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் 'பிக்மி' என்ற இணையப் பதிவில் பெண்ணின் விவரங்களை ஏற்றுகிறார். 2008 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். அங்கன்வாடிப் பணியாளரின் கையில் 2021 மார்ச்சில் வந்த 'போஷன் டிராக்கர்' செயலி இருக்கிறது. குழந்தையின் எடையும் உயரமும் மாதந்தோறும் அதில் ஏறும். இரண்டும் அவசியமானவை. எந்த ஊரில் எத்தனை கர்ப்பிணிகள், எந்தக் குழந்தை எடை குறைவு என்று அரசுக்குத் தெரிய இவை வேண்டும். ஆனால் இவற்றின் கணக்கு மாதக் கணக்கு. மூன்றாம் நாள் இரவில் அழும் குழந்தைக்கு, மாதக் கடைசியில் தெரியவரும் எடையால் உபயோகமில்லை.

அடுத்தது வாரக் கணக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' என்ற சேவை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது வரை வாரம் ஒரு முறை குடும்பத்தின் போனுக்கு அழைத்து, பதிவு செய்த குரலில் பேசும். மொத்தம் 72 அழைப்புகள். படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும், சாதாரண பட்டன் போனே போதும் என்பவை இதன் பலம். மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரம் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதன் பலனை ஆராய்ந்தார்கள். 2022இல் வெளியான முடிவில், கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது சற்றே கூடியிருந்தது. குழந்தைக்கு உணவூட்டும் பழக்கத்தில் மாற்றம் தெரியவில்லை.

நாக்பூரில் நடந்தது வேறு. அர்ச்சனா படேல் தலைமையிலான குழு நான்கு மருத்துவமனைகளில் 1,036 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான மருத்துவமனைக் கவனிப்பு. மறு பாதியினருக்குக் கூடவே போனும் வந்தது: தினமும் ஒரு குறுஞ்செய்தி, வாரம் ஒரு முறை பயிற்சி பெற்ற ஆலோசகரின் அழைப்பு. பிரசவமான முதல் நாளில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 74 பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தார்கள். 24ஆம் வாரத்தில் அழைப்பு வராத பக்கம் 48.5 சதவீதமாக இறங்கிவிட்டது. அழைப்பு வந்த பக்கம் 97.3 ஆக ஏறியிருந்தது. யாருக்கு அழைப்பு என்பது மருத்துவமனை வாரியாகப் பிரிக்கப்பட்டது, பெண்களிடையே குலுக்கல் போடவில்லை. தாய்மார் சொன்னதையே பதிவு செய்தார்கள். எனவே 97 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதியாகக் கழித்தாலும் மிச்சமிருப்பது சிறியதல்ல.

கில்காரியும் வாரம் ஒரு முறை, நாக்பூரும் வாரம் ஒரு முறை. ஒன்றில் பேசுவது ஒலிநாடா, மற்றொன்றில் ஆள். ஒலிநாடாவிடம் "காம்பு வெடிச்சு ரத்தம் வருது" என்று சொல்ல முடியாது. தொலைவிலிருந்து தரும் தாய்ப்பால் உதவியைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளிவந்த தொகுப்பு ஒன்று, இத்தகைய உதவி கிடைத்தவர்களில் மூன்றாம் மாதத்துக்குள் முழுத் தாய்ப்பாலை நிறுத்துவோர் 25 சதவீதம் குறைகிறார்கள் என்று கண்டது.

ஆளை வைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் 203 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு வீடியோ ஆலோசகரை இலவசமாக அழைக்கும் செயலியைக் கொடுத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஒரு முறையாவது அழைத்தார்கள். 12ஆம் வாரத்தில் இரு தரப்புக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. தெரியாத முகத்தை நள்ளிரவில் வீடியோவில் அழைத்து மார்பைக் காட்ட யாருக்கும் தயக்கம் வரும். நாக்பூரில் தாய் அழைக்கக் காத்திராமல் ஆலோசகரே அழைத்தார்.

ஸ்பீக்கரில் ஒரு பாடம்

பால் கொடுப்பதில் வரும் கோளாறைப் போனில் பேசிச் சரிசெய்ய முடியுமா? பிரசவமாகி ஐந்தாம் நாள். தாய்வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிராமச் செவிலியர் போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"நர்ஸம்மா, பாலே பத்தல. ராத்திரி பூரா அழுவுது. பவுடர் வாங்கியாரச் சொல்றாங்க எங்கம்மா."

"நேத்துக் காலையிலிருந்து எத்தன துணி நனைச்சிருக்கும் கண்ணு?"

"ஏழெட்டு இருக்கும்."

"வெளிக்கி?"

"மஞ்சளா மூணு நாலு வாட்டி போச்சு."

"அப்ப பால் உள்ள போயிட்டுத்தான் இருக்குது. வலிக்குதா உனக்கு?"

"உசிரு போவுது நர்ஸம்மா."

"சரி, போன ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சுட்டுப் பிள்ளைய மார்ல போடு. தாவாக்கட்டை மார்ல ஒட்டுதா?"

"இல்ல, தள்ளி நிக்குது."

"கீழ் உதடு?"

"உள்ள மடிஞ்சிருக்குது."

"அங்கதான் கோளாறு. சுண்டு விரல வாயோரத்துல விட்டு மெதுவா எடுத்துடு. பிள்ளை மூக்கு காம்புக்கு நேரா வரட்டும். வாய நல்லா 'ஆ'ன்னு தொறக்கற வரைக்கும் பொறு. தொறந்ததும் பிள்ளைய மார்கிட்டக் கொண்டா. நீ குனியாத."

செவிலியர் கேட்டவை உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் வரும் அடையாளங்கள். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும், கீழ் உதடு வெளியே மலர்ந்திருக்க வேண்டும், தாவாக்கட்டை மார்பைத் தொட வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்விய குழந்தைக்குப் பால் சரியாக வராது, தாய்க்கு வெடிப்பு வரும், மார்பில் பால் தங்கும். தங்கினால் என்ன ஆகும் என்பதை ஆடுகள் சொல்லிவிட்டன. இந்த அடையாளங்களைப் பார்த்துச் சொல்ல வீடியோ தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தாயின் கண்ணும் செவிலியரின் கேள்வியும் போதும். படம் யார் கைக்குப் போகுமோ என்ற பயமும் இல்லை.

பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று பார்த்தே பழக விரும்பினால் அதற்கும் வழி உண்டு. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில், குழந்தைநல மருத்துவர் ரூபல் தலாலின் வழிகாட்டுதலில் உருவான பாடங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. பிடிக்கும் கை எது, தாங்கும் கை எது, விரல் எங்கே வர வேண்டும் என்று அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார்கள். கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே தாயும் அவளுடைய அம்மாவும் சேர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டால், பிரசவத்துக்குப் பின் போனில் சொல்வது சட்டென்று புரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செவிலியரின் கேள்விக்கு, "ரெண்டு துணிதான் நனைஞ்சது, பிள்ளை சோர்ந்து தூங்கிட்டே இருக்குது, உடம்பு மஞ்சளா இருக்குது" என்று பதில் வந்திருந்தால் ஆறுதல் சொல்வது ஆபத்து. அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே பால் போகவில்லை. உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், வண்டி இல்லையென்றால் 108ஐ அழைக்க வேண்டும். பால் பத்துகிறதா என்பதற்கு நம்பகமான சாட்சி அழுகையல்ல, நனைந்த துணி. ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும்.

எத்தனை தடவை, எத்தனை நிமிடம் குடித்தது என்று குறித்துக்கொள்ளும் செயலிகளும் நிறைய வந்துவிட்டன. அவற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 71 குழந்தைகளை ஒரு நாள் முழுக்க எடை போட்டு அளந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. எல்லாமே நன்றாக வளர்ந்த குழந்தைகள். ஆனால் ஒரு நாளில் 6 முறை குடித்த குழந்தையும் இருந்தது, 18 முறை குடித்ததும் இருந்தது. குடித்த பால் 478 கிராமிலிருந்து 1,356 கிராம் வரை. இந்த வீச்சை அறியாத செயலி "சராசரியைவிடக் குறைவு" என்று சிவப்பில் காட்டினால், வாசலில் நின்று "பால் பத்துதா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரின் வேலையைத்தான் அது செய்கிறது.

நேரம் அறிந்தவர்கள்

மூன்றாம் இரவின் அருமையை யார் அறிந்திருக்கிறார்களோ இல்லையோ, பால் பவுடர் விற்பவர்கள் அறிந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை இதை எண்களோடு காட்டுகிறது. 264 பிராண்டுக் கணக்குகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பதிவுகள் போட்டு 22.9 கோடிப் பேரை எட்டுகின்றன. வியாபார நோக்கமில்லாத தாய்ப்பால் தகவல்கள் எட்டுவதைப்போல இது மூன்று மடங்கு. செயலிகள், தாய்மார் குழுக்கள், பணம் வாங்கிக்கொண்டு பேசும் பிரபலங்கள் என்று பல வழிகளில் தாயின் தகவல்களை வாங்கி, அவள் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கிறார்கள்.

இந்தியாவில் இது சட்டவிரோதம். 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், பாட்டில், உணவு எதையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. மீறலைக் கண்டால் புகார் செய்ய, இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு 'ஸ்தன்பான் சுரக்ஷா' என்ற செயலியை வைத்திருக்கிறது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையும் இணையவழி விளம்பரங்களைக் கட்டுப்படுத்தத் தீர்மானம் போட்டது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் வீடியோவுக்குச் சட்டம் புரிவதில்லை.

போன் யார் கையில்?

தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் மூவர் தமக்கென்று ஒரு கைப்பேசி வைத்திருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. இணையத்தைப் பயன்படுத்தியவர்களோ பாதிக்கும் குறைவு. பதிவேட்டில் கொடுத்த எண் கணவனுடையது என்றால் என்ன ஆகும்? ஆலோசகரின் அழைப்பு பெங்களூருவில் ஏதோ ஒரு கட்டடத்தின் சாரத்தில் நிற்பவரின் சட்டைப்பையில் அடிக்கும். தாய்வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது கேட்காது. ஏரியூர் போன்ற வட்டாரங்களில் இந்த ஒரு கோளாறே நல்ல திட்டத்தையும் வீணாக்கப் போதுமானது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. பிரசவ அறையிலிருந்து அனுப்பும்போது, அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெண் எந்த வீட்டில் இருப்பாள், அங்கே எந்த எண் அவள் கைக்கு எட்டும் என்று கேட்டு எழுத வேண்டும். 3, 7, 14ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில், குறிப்பாக நான்காம் ஐந்தாம் நாளில், ஒரு போன் வர வேண்டும். அவளுடைய அம்மாவையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பவுடர் வாங்கச் சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். இதற்குச் செவிலியருக்கு நேரம் வேண்டும். பதிவேட்டிலும் செயலியிலும் ஒரே விவரத்தை இரண்டு முறை ஏற்றும் வேலையைக் குறைத்தாலே அதில் பாதி நேரம் கிடைத்துவிடும்.

தாய்மாருக்கென்று புதுச் செயலி ஒன்று அறிமுகமாகும்போது அதில் எத்தனை வசதிகள், எத்தனை மொழிகள் என்று கேட்பதைவிட, ராத்திரியில் கூப்பிட்டால் எடுப்பது யார், எத்தனை மணி நேரத்தில் திரும்ப அழைப்பார் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத செயலியைவிட, பதில் இருக்கும் பட்டன் போன் மேல்.